கோனாமணியிலிருந்து கமலா வரை
(திருத்தணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘உயிரித் தொழில்நுட்பமும் மாறிவரும் இயற்கையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் கடலைப் பற்றிப் பேசலாம், காட்டைப் பற்றிப் பேசலாம், மனித உடம்பைப் பற்றிப் பேசலாம். நான் இன்று நெல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்த மாவட்டத்தில் விளைந்த நெல், இந்த மாவட்டத்தில் பிறந்த நெல், நாளை இந்த மாவட்டத்துக்கு வரப்போகிற நெல். ஏன் நெல்? மனிதன் உயிரின் மேல் கை வைத்த கதை முழுவதும் அந்த ஒரு பயிருக்குள் இருக்கிறது. முதல் அத்தியாயத்திலிருந்து நேற்று எழுதப்பட்ட அத்தியாயம் வரை இருக்கிறது.

முருகப் பெருமான் வள்ளியை மணந்து வந்து சினம் தணிந்து அமர்ந்த தலம் இந்தத் திருத்தணி. வள்ளி யார்? தினைப்புனம் காத்தவள். பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளியையும் குருவியையும் விரட்டியவள். கதையைப் பக்தியோடு கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அதற்குள் ஒரு வேளாண்மை உண்மையும் இருக்கிறது. காட்டில் தானாக முளைக்கும் தினைப்புல்லை யாரும் பரண் கட்டிக் காக்க முடியாது. ஏன்? அதன் கதிர் முற்றியதும் மணி தானாக மண்ணில் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால்தான் அந்தச் செடிக்குப் பிழைப்பு. எப்போதோ, யாரோ, உதிராமல் கதிரிலேயே ஒட்டிக்கொண்டு நின்ற மணிகளைப் பறித்து வந்து மறுபடி விதைத்தார்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். பல நூறு தலைமுறைகள் செய்தார்கள். விதையைத் தானே பரப்பிக்கொள்ளும் புல், மனிதன் கை படாமல் பிழைக்க முடியாத பயிராக மாறியது. அதன் பிறகுதான் பரண் வந்தது, கவண் வந்தது, ஆலோலம் வந்தது.

எனவே ‘இயற்கையில் மனிதன் கை வைக்கலாமா?’ என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி பல்லாயிரம் ஆண்டு தாமதமாக வருகிறது என்று சொல்வேன். கை வைத்தாகிவிட்டது. இன்று கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. யாருடைய கை? எவ்வளவு வேகம்? யார் கண் முன்னால்? அந்தக் கை எடுத்துக்கொள்கிற மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது?

அந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு நெல்லுக்கு வருவோம்.

சென்னை மாகாணம் என்ற ஒரே நிலப்பரப்பில் தமிழரும் தெலுங்கரும் இருந்த காலம். கோனாமணி என்றொரு நெல். அது விளைந்த ஒரு வயலில், பயிர்களுக்கு நடுவே, ஒரு செடி மட்டும் வேறு மாதிரி நின்றது. மணி சன்னமாக இருந்தது, தரமாக இருந்தது. விவசாயிகளுக்குத் தெரியும், அப்படி ஒன்று நின்றால் கலவன் என்று சொல்லிப் பிடுங்கிப் போடுவோம். இந்தச் செடியைப் பிடுங்கவில்லை. பிரித்தெடுத்து வளர்த்தார்கள். இயற்கையே அந்தச் செடிக்குள் ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருந்தது. மனிதன் செய்ததெல்லாம் அதைக் கவனித்ததுதான். 1921-ல் அது ஜி.இ.பி. 24 என்ற பெயரில் வெளிவந்தது. அரசின் பயிர்த் தாவரவியல் அதிகாரி என்ற பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. மக்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்றார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு செடியின் வம்சம்தான்.

அடுத்த காட்சி உங்கள் மாவட்டத்தில். செவ்வாப்பேட்டைப் பக்கம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரயிலில் சென்னைக்குப் போகும்போது எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைக் கடந்திருப்பீர்கள். டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. 1952-ல் அங்கிருந்து டி.கே.எம். 6 வந்தது. தாய் யார்? நம் ஜி.இ.பி. 24. தந்தை கோ 18. இந்த முறை மனிதன் கவனித்ததோடு நிற்கவில்லை, கல்யாணம் செய்து வைத்தான். நெல் பூ காலையில் விரிந்து கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். எனவே முதல் நாளே ஒவ்வொரு பூவையும் திறந்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மறுநாள் வேறு ரகத்தின் மகரந்தத்தை அதன் மேல் உதிர்க்க வேண்டும். குனிந்த முதுகு நிமிராமல் செய்கிற வேலை. அதிலிருந்து வரும் பிள்ளைகளில் நல்லதைப் பொறுக்கி எடுக்கப் பல பருவங்கள் ஆகும்.

டி.கே.எம். 6-க்கு ஒரு பெரிய குணம் இருந்தது. குருத்துப்பூச்சியை அது தாங்கியது. அந்தக் குணத்தைத் தேடிக்கொண்டு பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த நெல்லை எடுத்துப் போயிற்று. அங்கே பிறந்த ஐ.ஆர். 20-ஐ இந்த அரங்கில் அறுபது வயதுக்கு மேல் இருக்கிற ஒவ்வொருவரும் சாப்பிட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டுச் சம்பா பட்டமே ஒரு காலத்தில் ஐ.ஆர். இருபதுதான். அதன் பெற்றோரில் ஒருவர் நம் திரூர்க்காரர். மணிலாவிலிருந்து வந்த புது நெல் என்று நாம் வாங்கி விதைத்தோம். அது பேரப் பிள்ளை வீடு திரும்பியது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை!

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இயற்கை பேசத் தொடங்கிய இடம் இது. 1973-ல் டி.கே.எம். 6-இன் இன்னொரு பிள்ளையான ஐ.ஆர். 26 வந்தது. புகையான் பூச்சியை எதிர்த்து நின்றது. ஆசியாவே கொண்டாடியது. பல லட்சம் ஏக்கரில் ஒரே ரகம். சில ஆண்டுகள்தான் போயின. புகையான் தன்னை மாற்றிக்கொண்டது. ஐ.ஆர். 26-ஐத் தின்னத் தெரிந்த புகையான் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் பெருகி வந்தது. பூச்சிக்கு ஆய்வுக்கூடம் இல்லை, பட்டம் இல்லை, நிதி இல்லை. ஆனால் அதற்குத் தலைமுறைகள் உண்டு. ஓர் ஆண்டுக்குள் பல தலைமுறை உண்டு. நாம் ஒரே கதவைப் பல கோடி இடத்தில் பூட்டினால், பல கோடிப் பூச்சிகளில் ஒன்றுக்காவது சாவி கிடைத்துவிடும்.

சரி, அடுத்து என்ன செய்தார்கள்? ஐ.ஆர். 36-ஐ உருவாக்கினார்கள். 1976-ல் வெளியானது. அதை உருவாக்கியவர் விஞ்ஞானி குர்தேவ் குஷ். அப்போது புல்குட்டை நோய் என்ற வைரஸ் நோய் வயல்களை அழித்துக்கொண்டிருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒரே ஒரு மாதிரிக்குத்தான் அந்த நோயைத் தாங்கும் சக்தி இருந்தது. அது எந்த அரண்மனைத் தோட்டத்திலும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் தானாக முளைத்துக் கிடந்த காட்டு நெல், களை! அந்தக் களையின் மரபணுவும், திரூர் நெல்லின் ரத்தமும், இன்னும் பல நாட்டு நெல்களும் சேர்ந்து உருவானதுதான் ஐ.ஆர். 36. 1980-களில் உலகத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் அது விதைக்கப்பட்டது. அதுவரை எந்தப் பயிர் ரகமும் அவ்வளவு நிலத்தில் நின்றதில்லை என்பார்கள்.

நம் கரும்பின் கதையும் இதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலை இருப்பதால் இது உங்களுக்கு நெருக்கமான கதை. 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே விஞ்ஞானிகளாக இருந்த பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தித்திப்பான கரும்பை, ஆற்றங்கரையில் யாரும் சீந்தாமல் நின்ற காட்டுக் கரும்புப் புல்லோடு கலந்தார்கள். 1918-ல் கோ 205 வந்தது. அந்தப் புல்தான் வடஇந்தியக் கரும்பைக் காப்பாற்றியது. இன்றும் கோ என்று தொடங்கும் கரும்புகளுக்குள் அந்தப் புல் இருக்கிறது.

இப்போது கவனியுங்கள். நெல்லைக் காத்தது எது? களை. கரும்பைக் காத்தது எது? புல். ஒவ்வொரு முறையும் விஞ்ஞானி முட்டி நின்றபோது கதவைத் திறந்துவிட்டது, நாம் வேண்டாம் என்று பிடுங்கிப் போட்ட ஒன்று. அப்படியானால் ஏரிக்கரைகளை, குளத்தின் ஓரங்களை, கால்வாய் மேடுகளை ஜே.சி.பி. வைத்துச் சுத்தம் செய்கிறோமே, எதைச் சுத்தம் செய்கிறோம்?

மறுபடி ஜி.இ.பி. 24-இன் இன்னொரு கிளைக்கு வருகிறேன். இந்தக் கிளை ஆந்திரத்துக்குப் போனது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது, திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் இவ்வூர்த் தலைவர் விநாயகமும் மற்றவர்களும் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. மனிதர்களுக்கு எல்லை போட்டு முடித்தோம். கிச்சிலிச் சம்பா இரண்டு பக்கமும் இருந்தது. பாபட்லாவில் அதைத் தைவானின் குட்டை நெல்லோடு சேர்த்தார்கள். பிறந்த பிள்ளையை மலேயாவிலிருந்து வந்த மஷூரியோடு சேர்த்தார்கள். 1986-ல் பி.பி.டி. 5204 வந்தது. அந்தப் பக்கம் சாம்பா மஷூரி. நம் பக்கம் ஆந்திரா பொன்னி. இன்று மத்தியானம் நீங்கள் சாப்பிட்ட சோறு அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். சோறு வெள்ளையாக வேண்டும், சன்னமாக வேண்டும், உதிரி உதிரியாக வேண்டும் என்று கல்யாண வீட்டில் கேட்கிறோம். நம் நாக்கின் ஆசையும் வயலை மாற்றுகிற ஒரு சக்தி. உயிரித் தொழில்நுட்பத்தைக் குற்றம் சொல்லும்போது இதை மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

பி.பி.டி. ருசியான நெல், ஆனால் நோஞ்சான் நெல். குலைநோய் வரும், பாக்டீரியா இலைக்கருகல் வரும். சம்பாவில் மேகம் போட்டு நாலு நாள் சாரல் அடித்தால் இலையின் நுனியிலிருந்து வைக்கோல் நிறமாகக் காய்ந்துகொண்டே வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹைதராபாத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமும் சி.சி.எம்.பி. ஆய்வகமும் சேர்ந்து இதற்கு மருந்து தேடின. மூன்று எதிர்ப்பு மரபணுக்களைப் பி.பி.டி.க்குள் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் காட்டு நெல்லிலிருந்து! மறுபடியும் காட்டு நெல்! இதையும் ஒட்டுச் சேர்த்துத்தான் செய்தார்கள். ஆனால் இந்த முறை ஒவ்வொரு நாற்றின் மரபணுவையும் ஆய்வகத்தில் படித்துப் பார்த்து, எது வேண்டிய பிள்ளை என்று தெரிந்துகொண்டு பொறுக்கினார்கள். கண்ணால் பொறுக்கிய காலம் போய், மரபணுவைப் படித்துப் பொறுக்கும் காலம் வந்தது. 2008-ல் மேம்படுத்தப்பட்ட சாம்பா மஷூரி வெளியானது. இந்த வேலையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அரசுப் பணத்தில் நடந்தது, விதை பொதுவில் வந்தது, மருந்தடிப்பைக் குறைக்க வழி செய்தது.

அடுத்த அத்தியாயம் மிகப் புதியது. 2025 மே 4-ல் மத்திய வேளாண் அமைச்சர் டெல்லியில் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். உலகத்தில் மரபணுத் திருத்தம் செய்த முதல் நெல் ரகங்கள் என்று அறிவித்தார்கள். அதில் ஒன்றின் பெயர் கமலா. கமலா யார்? நம் பி.பி.டி. 5204-தான். கோனாமணி வயலில் நின்ற அந்தக் கலவனின் கொள்ளுப் பேத்தி!

என்ன செய்தார்கள்? வேறு உயிரின் மரபணு எதையும் புகுத்தவில்லை. நெல்லுக்குள் ஏற்கெனவே ஒரு மரபணு இருக்கிறது. கதிரில் மணி பெருக உதவும் ஒரு ஹார்மோனைச் சிதைப்பது அதன் வேலை. அந்த ஒரு மரபணுவின் வேலையை நிறுத்தினார்கள். ஹார்மோன் தங்குகிறது, மணி கூடுகிறது. இதற்குப் பயன்பட்ட கிரிஸ்பர் என்ற கருவி, மரபணுவில் குறித்த இடத்தைத் தேடிப் போய் வெட்டும் கத்தரிக்கோல். பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரஸை வெட்டுவதற்கு வைத்திருந்த ஆயுதம் அது. அதை மனிதன் கைக்குக் கொண்டுவந்த சார்பென்டியே, டௌட்னா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. கமலா 19 சதவீதம் கூடுதலாக விளையும், 20 நாள் முந்தி அறுவடைக்கு வரும் என்பது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஏரித் தண்ணீர் தை மாதத்துக்கு மேல் நிற்குமா என்று வானத்தைப் பார்க்கிற ஊரில், இருபது நாள் சாதாரண விஷயமில்லை. இருபது நாள் என்றால் இரண்டு, மூன்று தண்ணீர் மிச்சம்.

அப்படியானால் வரவேற்க வேண்டியதுதானே? பயப்பட என்ன இருக்கிறது?

கத்தரிக்கோலைக் கண்டு எனக்குப் பயமில்லை. இங்கே எத்தனை பேர் வீட்டில் இன்சுலின் ஊசி இருக்கிறது? ஒரு காலத்தில் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுத்தார்கள். 1982-லிருந்து, மனித மரபணுவைப் புகுத்திய நுண்ணுயிர் அதைச் சுரக்கிறது. அது எத்தனை கோடி உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது! மாட்டுக்குச் சினை ஊசி போடாத வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டா? நம் தொழுவத்தில் ஜெர்சிக் கலப்பு வந்தது, பால் பெருகியது. அதே நேரத்தில் சித்தூர் மாவட்டத்தின் புங்கனூர்க் குட்டை மாடு அழிவின் விளிம்புக்குப் போய், பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய நிலை வந்தது. லாபமும் நஷ்டமும் ஒரே ஊசியில் வந்தன.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பருத்தியைப் பாருங்கள். 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே தயாரிக்கும். முதல் சில ஆண்டுகள் மருந்தடிப்புக் குறைந்தது, உண்மைதான். நாடு முழுக்க அதே பருத்தி. 2010-ல் அந்த விதையை உருவாக்கிய நிறுவனமே ஒப்புக்கொண்டது, குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நச்சைத் தாங்கப் பழகிவிட்டது என்று. இரண்டு நச்சு வைத்த அடுத்த ரகத்தையும் சில ஆண்டுகளில் அது வென்றது. ஐ.ஆர். 26-இல் புகையான் நடத்திய பாடத்தை, பருத்தியில் காய்ப்புழு மறுபடி நடத்தியது. அதற்குள் பல ஊர்களில் பழைய பருத்தி விதையே வீட்டில் இல்லை. விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்கியாக வேண்டும். பூச்சி மாறியது பெரிய அதிர்ச்சி அல்ல, அது மாறத்தான் செய்யும். பூச்சி மாறியபோது விவசாயிக்குத் திரும்பிப் போக வழி இல்லாமல் போனதே, அதுதான் என்னைத் தூங்க விடாத விஷயம்.

கமலா விஷயத்திலும் அதையே கேட்கிறேன். வேற்று மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்கு, 2022 மார்ச்சில் மத்திய அரசு பழைய பாதுகாப்புச் சோதனை விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. கோனாமணி வயலில் இயற்கையே செய்த மாற்றத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது விஞ்ஞானிகள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோனாமணியின் கலவன் ஒரு வயலில் நின்றது. பருவம் பருவமாக, ஊர் ஊராக மெதுவாகப் பரவியது. வழி நெடுக விவசாயியின் கண் அதைச் சோதித்துக்கொண்டே வந்தது. இன்றைய மாற்றம் ஆய்வகத்திலிருந்து நேராகப் பல லட்சம் ஏக்கருக்கு வரும். நடுவில் இருந்த அந்தக் கண்களின் இடத்தில் எதை வைக்கப் போகிறோம்? வயல் சோதனை விவரங்களை, எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது, எங்கே தோற்றது என்பதை, தமிழில் அச்சிட்டு நமக்குக் கொடுக்க வேண்டாமா? அந்தக் கத்தரிக்கோலுக்கான காப்புரிமை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வகங்களிடமும் இருக்கிறது. அதற்கான விலையை நாளை யார் கட்டுவார்கள்? விதைப்பையின் மேல் அந்த விலை ஏறுமா?

சட்டம் நம் பக்கம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் நிலத்தில் விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். முத்திரை போட்ட பையில் அடைத்து விற்கத்தான் கூடாது. இந்த உரிமை கமலாவுக்கும் உண்டு, இனி வரும் எந்த நெல்லுக்கும் உண்டு என்று எழுத்தில் உறுதி கேளுங்கள். வேளாண் துறையின் உள்ளூர்க் கூட்டத்தில் கேளுங்கள், கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, திரூரை விட்டுவிடாதீர்கள். 2015-ல் அங்கே பி.பி.டி.க்கு மாற்றாக டி.கே.எம். 13 என்ற சன்ன நெல்லை வெளியிட்டார்கள். நம் மண்ணில், நம் சொர்ணவாரியிலும் சம்பாவிலும் நவரையிலும் எது நிற்கும், எது சாயும் என்று கூப்பிடு தூரத்தில் சோதித்துப் பார்க்கிற நிலையம் நமக்கு இருக்கிறது. எத்தனை மாவட்டத்துக்கு அந்தப் பேறு உண்டு? உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஒரு நாள் காட்டுங்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் என்று ஒருவர் இருந்தார். 2018-ல் மறைந்தார். 174 பாரம்பரிய நெல் ரகங்களை ஊர் ஊராகத் திரிந்து மீட்டார். நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அவரை விஞ்ஞானத்துக்கு எதிரி என்று சிலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஹைதராபாத் ஆய்வகத்துக்கு நாளை என்ன மரபணு தேவைப்படும் என்று இன்று யாருக்கும் தெரியாது. அது அவர் மீட்ட 174-இல் ஒன்றில் இருக்கலாம். கத்தரிக்கோல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், படித்துப் பார்க்க ஏடு வேண்டும். ஏட்டைக் காத்தவர் அவர்.

திருத்தணிப் பக்கத்தின் ஏடு எங்கே? 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒரு புத்தகம் இருக்க வேண்டும். அந்த ஊரின் நெல், தினை, கேழ்வரகு, மாடு, மூலிகை, ஏரிக்கரைப் புல், எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் பிரித்துப் படியுங்கள், விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அந்த வேலையை இப்போதே தொடங்கலாம். முன்வரிசையில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐ.ஆர். இருபது வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டு வயலில் என்ன நெல் விதைத்தார்கள்? எந்த நெல் தண்ணீரில் மூழ்கியும் பிழைத்தது? எந்த நெல் சோற்றைப் பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுத்தார்கள்? ஏரி உள்வாயில் தானாக முளைத்த நெல்லை என்ன பெயர் சொல்லிப் பிடுங்கினீர்கள்? கல்லூரி மாணவர்கள் நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறார்கள். என் நேரம் முடிந்தது. மைக்கை முன்வரிசைக்குக் கொடுங்கள்; பெயர்களைச் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.